‘என்னமோ சரியில்ல’: ஒரு நர்ஸின் தலைக்குள் ஓடும் கணக்கு

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் மெசேஜ்களில் ஒன்று, பிஎஸ்சி நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சியிடமிருந்து வந்தது. அவங்க கேட்டது இதுதான்: "அண்ணா, காலேஜ்ல கிரிட்டிக்கல் திங்கிங்னு ஒரு பாடம் இருக்கு. டெஃபனிஷன் எழுதினா மார்க் வந்துடுது. ஆனா வார்டுக்குப் போனா, சீனியர் சிஸ்டர் சார்ட்டை எடுக்கிறதுக்கு முன்னாடியே 'இந்த பேஷண்ட் என்னமோ சரியில்ல'ங்கிறாங்க. பல நேரம் அது சரியாவும் இருக்கு. அது கிரிட்டிக்கல் திங்கிங்கா, அனுபவமா, இல்ல சும்மா ஊகமா? நான் எதைக் கத்துக்கணும்?"

நான் சாஃப்ட்வேர் ஆள். ஆஸ்பத்திரியை அட்டெண்டர் நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறேன். ஆனா இந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு ஆன்-கால் டியூட்டிதான் ஞாபகம் வந்தது. ராத்திரி மூணு மணிக்கு சர்வர் டேஷ்போர்டு முழுக்கப் பச்சையா இருக்கும். ஒரு சீனியர் மட்டும் கிராஃபைப் பார்த்துட்டு "இது சரியில்லையே" என்பார். அவருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு நம்ம துறையிலும் யாரும் ஒழுங்கா எழுதி வைக்கிறதில்லை. நர்சிங் துறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாற்பது வருஷமாக இதை ஆராய்ச்சி செய்கிறார்கள். இந்த மாசம் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

டெஃபனிஷனை விட்டுவிடுவோம். ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். இவர் நான் உருவாக்கிய கற்பனை ஆள், ஆனால் இவருடைய எண்கள் எதுவும் விசித்திரமானவை அல்ல.

வயது 58, எடை 60 கிலோ. மத்தியானம் குடல் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்திருக்கிறார். ஏற்கெனவே பிபி இருக்கிறது, அதற்கு மெட்டோபிரோலால் மாத்திரை சாப்பிடுகிறவர். ஆபரேஷனுக்கு முன்னால் பிபி 150/90. சாயந்திரம் ஆறு மணிக்கு வைட்டல்ஸ் நன்றாக இருந்தது: மூச்சு நிமிஷத்துக்கு 16, சேச்சுரேஷன் 97. இப்போது ராத்திரி பத்து மணி. மூச்சு 22. சேச்சுரேஷன் 95, ஆக்சிஜன் வைக்கவில்லை. பிபி 112/88. பல்ஸ் 84. டெம்பரேச்சர் 36.4. முழிப்பாக இருக்கிறார், பெயர் கேட்டால் சொல்கிறார். ஆனால் ஒரு இடத்தில் படுக்க மாட்டேன் என்கிறார். டிரிப்ஸ் ஊசியைத் தடவிக்கொண்டே இருக்கிறார். "வீட்டுக்குப் போகலாம், வண்டியை எடு"ன்னு மகன்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டார்.

இந்த எண்களை மதிப்பிட பிரிட்டனில் ஒரு பொது முறை இருக்கிறது. பெயர் நியூஸ், அதாவது நேஷனல் எர்லி வார்னிங் ஸ்கோர். லண்டனில் இருக்கும் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டது, 2017-இல் திருத்தி நியூஸ்-2 ஆக்கினார்கள். மூச்சு, சேச்சுரேஷன், மேல் பிபி, பல்ஸ், விழிப்புநிலை, டெம்பரேச்சர் என்ற ஆறுக்கும் 0 முதல் 3 வரை மார்க். ஆக்சிஜன் வைத்திருந்தால் கூட 2. சாதாரண நிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு மார்க். இது நல்ல மார்க் இல்லை, கூடக் கூட ஆபத்து. மொத்தம் 1 முதல் 4 என்றால் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். 5 வந்தால் டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும், மணிக்கு ஒரு தடவையாவது வைட்டல்ஸ் எடுக்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் வந்தால் எமர்ஜென்சி. ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலும் மணிக்கு ஒரு தடவை.

நம்ம ஆளுக்குக் கூட்டிப் பாருங்க. மூச்சு 22-க்கு 2. சேச்சுரேஷன் 95-க்கு 1. மேல் பிபி 111-இலிருந்து 219 வரை சைபர், அதனால் 112-க்கு சைபர். பல்ஸ் 84-க்கு சைபர். டெம்பரேச்சர் சைபர். முழிப்பு, அதுவும் சைபர். மொத்தம் 3. அட்டவணைப்படி அடுத்த வைட்டல்ஸ் ராத்திரி ரெண்டு மணிக்கு எடுத்தால் போதும்.

இந்த இடத்தில்தான் ஒரு நல்ல நர்ஸின் மண்டை வேலை செய்ய ஆரம்பிக்கும். எப்படின்னு ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஏன்னா "அனுபவம்"னு ஒரே வார்த்தையில் மூடி வைத்தால் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

முதலில் பிபி. 112 என்பது எனக்கு நல்ல பிபி. 150-இல் இருந்தவருக்கு அது 38 புள்ளி சரிவு. அட்டவணைக்கு இவருடைய பழைய 150 தெரியாது, அது எல்லாருக்கும் ஒரே கோடு போடுகிறது. சர்வர் மானிட்டரிங் செய்கிறவங்களுக்கு இது உடனே புரியும்: நிலையான எல்லைக்கோடு வைத்த அலாரம், அந்தந்த சர்வரின் இயல்பு என்னவென்று பார்க்காது. அடுத்து, மேலும் கீழும் உள்ள இடைவெளி. 150/90-இல் இடைவெளி 60. இப்போது 112/88, இடைவெளி 24. ரத்தக்குழாய்கள் இறுக்கிப் பிடித்துக் கீழ் பிபியை விழாமல் காப்பாற்றுகின்றன, ஆனால் இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தம் குறைந்திருக்கிறது என்பதற்கு இது ஒரு அறிகுறி.

பல்ஸ் 84. "பல்ஸ் ஏறலியே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். மெட்டோபிரோலால் ஒரு பீட்டா பிளாக்கர். உடம்பு ஆபத்தில் இருக்கும்போது இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்லி அனுப்பும் சிக்னலைத்தான் அது தடுக்கிறது. அதாவது இவரிடம் ஒரு அலாரத்தின் வயரே பிடுங்கப்பட்டிருக்கிறது. இவர் பல்ஸ் ஏறாமல் இருப்பது நிம்மதி தரும் செய்தி இல்லை. அது செய்தியே இல்லை.

மூச்சு 22. இங்கே ஒரு சின்ன விலகல். மூச்சு வேகத்தைத்தான் வார்டுகளில் ரொம்ப அலட்சியமாக எடுக்கிறார்கள் என்பது பல நாடுகளில் பதிவான விஷயம். பிபிக்கு மெஷின் இருக்கு, சேச்சுரேஷனுக்கு விரல் கிளிப் இருக்கு. மூச்சுக்கு, நின்று நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். முப்பது நோயாளிகளுக்கு யார் எண்ணுவது? அதனால் சார்ட்டுகளில் 18, 20 என்ற எண்கள் சந்தேகப்படும் அளவுக்கு அதிகமாக இருக்கும். ஆனால் நோயாளி மோசமாகும்போது ரொம்ப சீக்கிரம் மாறும் எண்களில் இதுவும் ஒன்று. நம்ம நர்ஸ் எண்ணினார், அதனால்தான் 22 கிடைத்தது. கண்ணால் பார்த்து 20 என்று போட்டிருந்தால் மூச்சுக்கு சைபர், மொத்த ஸ்கோர் 1. பிறகு எந்த அல்காரிதம் வந்தாலும் காப்பாற்றாது.

யூரின் பேக். நியூஸ் ஸ்கோரில் யூரினுக்கு இடமே இல்லை. ஆனால் 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும் என்பது பொதுவான கணக்கு, கிலோவுக்கு அரை மில்லி. இவருக்குக் கடைசி ரெண்டு மணி நேரத்தில் சேர்த்தே 35 மில்லி. ஆபரேஷன் அன்றைக்கு யூரின் கொஞ்சம் குறைவது சகஜம்தான், டியூப் மடங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இதை மட்டும் வைத்துப் பதறக்கூடாது. மற்றதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போதுதான் சுவாரஸ்யமான பகுதி. தகவல் சேர்ந்தாச்சு, இனி விளக்கம் வேண்டும். என்னென்ன காரணங்கள் இருக்கலாம்? வலியா? வலி என்றால் மூச்சு ஏறும், ஆள் புரளுவார், சரி. ஆனால் பிபி பொதுவாக ஏறும், இறங்காது. வலிக்குப் போட்ட மார்ஃபினா? அது பிபியைக் கொஞ்சம் இறக்கும், ஆனால் மூச்சைக் குறைக்கும், இவருக்கு ஏறியிருக்கிறது. பயமா? பயத்தில் யூரின் ஏன் குறைய வேண்டும்? நுரையீரலில் ரத்தக்கட்டியா? மூச்சு, சேச்சுரேஷன், பிபி மூன்றுக்கும் பொருந்துகிறது, பட்டியலில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹார்ட் அட்டாக்கா? அதையும் தள்ள முடியாது, ஒரு ஈசிஜி தேவைப்படும். வயிற்றுக்குள் ரத்தக் கசிவா? மூச்சு ஏற்றம், பிபி சரிவு, குறுகிய இடைவெளி, யூரின் குறைவு, பதற்றம் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்ல முடிகிறது. முதல் சந்தேகம் அதுதான்.

நோயைக் கண்டுபிடித்து முடிவு சொல்வது நர்ஸின் வேலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் எதைச் சந்தேகிக்கிறோம் என்று தெரியாமல் அடுத்து எதைத் தொட்டுப் பார்ப்பது என்று எப்படித் தெரியும்? நம்ம நர்ஸ் அடுத்த ரெண்டு நிமிஷத்தில் செய்தது இதெல்லாம்: பிபியைக் கையால் ஒருமுறை எடுத்தார், மெஷின் தவறா என்று பார்க்க. யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா என்று தடவினார். வயிற்றில் வைத்த டிரெயின் பாட்டிலையும் கட்டையும் பார்த்தார். கட்டில் கசிவு இல்லை, பாட்டிலிலும் அதிகம் இல்லை. ஆனால் அந்தக் குழாய் அடைத்திருந்தாலும் பாட்டில் காலியாகத்தான் இருக்கும், அதனால் அதை வைத்து அவர் சந்தேகத்தைக் கைவிடவில்லை. வயிறு காலையை விட உப்பலா என்று பார்த்தார். கையைத் தொட்டார், ஜில்லென்று இருந்தது. விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்தி விட்டார். ரெண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், நாலு விநாடி ஆனது. எல்லாமே காசில்லாத டெஸ்ட், டாக்டர் அனுமதியும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, நான் படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2017 திருத்தத்தில் விழிப்புநிலையோடு "புதிதாக வந்த குழப்பம்" என்பதையும் சேர்த்தார்கள். அது இருந்தால் நேராக 3 மார்க். நம்ம ஆள் பெயரைச் சரியாகச் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு வண்டியை எடு என்கிறார். மகனிடம், "அப்பா எப்பவுமே இப்படிப் பிடிவாதமா?" என்று கேட்டால் "இல்ல சிஸ்டர், சாயந்திரம் நல்லாத்தான் பேசிட்டிருந்தார்" என்கிறார். அப்படியானால் இது புதுக் குழப்பம். சைபர் என்று போட்ட இடத்தில் 3. மொத்தம் 3 இல்லை, 6. ரெண்டு மணிக்குப் பார்த்தால் போதும் என்ற கேஸ், இப்பவே டாக்டரைக் கூப்பிடு என்ற கேஸாக மாறிவிட்டது. எண்கள் எதுவும் மாறவில்லை, மகனிடம் கேட்ட ஒரு கேள்விதான் மாற்றியது.

அதனால் "ஸ்கோரா, சொந்த அறிவா" என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்கோருக்குள் போகும் எண்ணே சொந்த அறிவிலிருந்து வருகிறது. நியூஸ் முறையை உருவாக்கியவர்களும் இது மருத்துவ மதிப்பீட்டுக்குத் துணைதான், மாற்று இல்லை என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, அந்த சீனியர் சிஸ்டர் இதையெல்லாம் வரிசையாக யோசித்தாரா? அநேகமாக இல்லை. வாசலில் நின்று ஒரு பார்வை, அவ்வளவுதான். இதைத்தான் பேட்ரிஷியா பென்னர் என்ற அமெரிக்க நர்சிங் பேராசிரியர் 1984-இல் வெளியிட்ட ‘ஃப்ரம் நோவிஸ் டு எக்ஸ்பர்ட்’ புத்தகத்தில் ஆராய்ந்தார். பெர்க்லியில் ஸ்டூவர்ட் டிரைஃபஸ், ஹூபர்ட் டிரைஃபஸ் என்ற சகோதரர்கள் செஸ் ஆட்டக்காரர்கள், விமானிகள் போன்றவர்களை வைத்து, திறமை ஐந்து படிகளில் வளர்கிறது என்று ஒரு மாதிரி உருவாக்கியிருந்தார்கள். பென்னர் அதை நர்ஸ்களிடம் பொருத்திப் பார்த்தார். முதல் படியில் இருப்பவருக்கு விதிதான் எல்லாம். மேல் படியில் இருப்பவர் நிலைமையை மொத்தமாகப் பார்க்கிறார், விதியைத் தேடுவதில்லை. நான் மேலே பத்து பத்தியில் சொன்னது அவருக்கு ஒரே படமாகத் தெரியும்.

இந்தப் பார்வையை உடைத்துப் பார்க்க முடியுமா என்று முயன்றவர்களும் உண்டு. கேரி க்ளைன் என்ற உளவியலாளரின் குழுவைச் சேர்ந்த பெத் கிராண்டால், குறைமாதக் குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் அனுபவமுள்ள நர்ஸ்களைப் பேட்டி எடுத்தார். குழந்தைக்குத் தொற்று வருகிறது என்று லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே எப்படித் தெரிந்தது என்று கேட்டால், முதலில் எல்லாரும் "தெரிஞ்சுது, அவ்வளவுதான்" என்றார்கள். குறிப்பிட்ட ஒரு சம்பவத்தை எடுத்து, நிமிஷம் நிமிஷமாகத் திரும்ப நடக்கவைத்துக் கேட்டபோது அறிகுறிகள் வெளியே வந்தன: தோல் நிறத்தில் சின்ன மாற்றம், குழந்தை துவண்டு போவது, பால் செரிக்காமல் நிற்பது மாதிரி. அவற்றில் சில அப்போதைய பாடநூல்களிலேயே இல்லை. சில, பெரியவர்களுக்குத் தொற்று வந்தால் தெரிவதற்கு நேர் எதிர். இதை 1993-இல் வெளியிட்டார்கள். ‘என்னமோ’வுக்குள் இத்தனை இருந்திருக்கிறது.

ஆனால் உடனே ஒரு பிரேக் போடணும். உள்ளுணர்வு எல்லா இடத்திலும் நம்பத்தக்கதில்லை. இதே க்ளைன், உள்ளுணர்வை நம்பாத டேனியல் கானமனோடு சேர்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார். எதிர் எதிர்க் கட்சிக்காரர்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டது இது: சூழலில் ஒழுங்கான வடிவங்கள் இருக்க வேண்டும், நம் கணிப்பு சரியா தப்பா என்ற பதில் நமக்குத் திரும்ப வர வேண்டும். ரெண்டும் இருந்தால்தான் உள்ளுணர்வு வளரும். முதலாவது வார்டில் இருக்கிறது. ரெண்டாவது? ராத்திரி ஷிஃப்டில் ஒருத்தரை ஐசியுவுக்கு அனுப்புகிறார் நர்ஸ். காலையில் டியூட்டி முடிந்து போய்விடுகிறார். அடுத்த நாள் அந்த பெட்டில் வேற ஆள். அவருக்கு உள்ளே ரத்தக் கசிவா, ரத்தக்கட்டியா, கடைசியில் என்ன ஆச்சு என்று யாரும் சொல்வதில்லை. எங்க துறையில் சர்வர் விழுந்தால் மறுநாள் எல்லாரும் கூடி போஸ்ட்மார்ட்டம் நடத்துவோம். உண்மையான போஸ்ட்மார்ட்டம் நடக்கிற இடத்தில் இப்படி ஒரு கூட்டம் பல வார்டுகளில் நடப்பதில்லை என்பது எனக்கு விசித்திரமாகத்தான் இருக்கிறது. தங்கச்சி, நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு: அடுத்த டியூட்டி வரும்போது முதல் வேலையா, "அந்த ஏழாம் நம்பர் பெட் என்ன ஆச்சு?"ன்னு கேளுங்க. கேட்டுக்கிட்டே இருங்க.

இன்னொரு பொறி, ஹேண்டோவர். "ஏழாம் பெட் கொஞ்சம் டென்ஷன் பார்ட்டி, சும்மா சும்மா கூப்பிடுவார்" என்று ஷிஃப்ட் மாறும்போது ஒருத்தர் சொல்லிவிட்டுப் போனால், அதுக்கப்புறம் அவர் புரண்டால் அது டென்ஷன், மூச்சு வாங்கினாலும் டென்ஷன். லேபிள் ஒட்டியாச்சு. கிறிஸ்டின் டேனர் என்ற ஆராய்ச்சியாளர் 2006-இல் நர்ஸின் மதிப்பீட்டை நாலு கட்டமாகப் பிரித்தார்: கவனித்தல், அர்த்தப்படுத்துதல், செயல்படுதல், திரும்பிப் பார்த்தல். அவர் அழுத்திச் சொன்னது, எதைக் கவனிக்கிறோம் என்பதே நாம் ஏற்கெனவே என்ன எதிர்பார்த்து வந்தோம் என்பதைப் பொறுத்தது. லேபிள் நம் கண்ணை முன்கூட்டியே திருப்பிவிடுகிறது.

இப்ப நம்ம நர்ஸ் முடிவுக்கு வந்துட்டார். அடுத்தது டியூட்டி டாக்டருக்கு போன். இங்கேதான் பல நல்ல முடிவுகள் செத்துப் போகின்றன. "டாக்டர், ஏழாம் பெட் கொஞ்சம் ரெஸ்ட்லெஸ்ஸா இருக்கார்" என்றால் தூக்கத்தில் இருக்கும் டாக்டர் "ஒரு பாராசிட்டமால் போடுங்க" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான். இதற்கு எஸ்பார் என்று ஒரு வடிவம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்தது, கைசர் பெர்மனென்ட்டே மருத்துவ அமைப்பு அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது. இப்போது என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும். இந்த நாலும்தான். நம்ம கேஸில்: "டாக்டர், ஏழாம் பெட், நியூஸ் ஆறு, பிபி 150-இலிருந்து 112-க்கு வந்திருக்கு. இன்னைக்கு மத்தியானம் குடல் ஆபரேஷன், பீட்டா பிளாக்கர் சாப்பிடறவர், அதனால பல்ஸை நம்ப முடியாது. ரெண்டு மணி நேரத்துல யூரின் 35, கை ஜில்லுன்னு இருக்கு, புதுசா குழப்பம். உள்ளே பிளீடிங்கோன்னு சந்தேகப்படறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும், அதுக்குள்ள ஹீமோகுளோபினுக்கும் கிராஸ்மேட்சுக்கும் பிளட் எடுத்து வைக்கட்டுமா?" முப்பது விநாடிதான். இதில் கஷ்டமானது மூன்றாவதும் நாலாவதும். "நான் நினைக்கிறேன்", "எனக்கு வேணும்". நம்ம ஊர் வார்டில் டாக்டரிடம் இந்த ரெண்டையும் சொல்ல ஒரு ஜூனியர் நர்ஸுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

தெரிந்தும் சொல்ல முடியாமல் போனதற்கு உலகம் முழுக்கப் பாடமாக வைக்கும் ஒரு சம்பவம் பிரிட்டனில் நடந்தது. 2005 மார்ச் 29. எலேன் பிராமிலி, 37 வயது, ரெண்டு குழந்தைகளின் அம்மா. சைனஸுக்கு ஒரு சாதாரண ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்ததும் காற்றுப்பாதை அடைத்துக்கொண்டது. சில நிமிஷங்களில் ஆக்சிஜன் 40 சதவீதத்துக்கு விழுந்தது. அனுபவமுள்ள டாக்டர்கள் அங்கே இருந்தார்கள். வாய் வழியாகக் குழாய் போட மறுபடி மறுபடி முயன்றுகொண்டே இருந்தார்கள். அந்த நிலையில் கழுத்தில் துளையிட்டுக் காற்று கொடுக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. ஒரு நர்ஸ் அதற்கான டிரக்கியாஸ்டமி செட்டை எடுத்து வந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொரு நர்ஸ் ஐசியுவுக்கு போன் பண்ணி பெட் கேட்டார். அறையில் இருந்தவர்கள் பார்த்த பார்வையில் திரும்பப் போய் கேன்சல் செய்தார். எலேன் 13 நாள் கழித்து இறந்தார். பின்னால் நடந்த விசாரணையில், என்ன செய்ய வேண்டும் என்று அந்த நர்ஸ்களில் சிலருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது, அதை எப்படி எடுத்துச் சொல்வதென்றுதான் தெரியவில்லை என்று வெளிவந்தது. எலேனின் கணவர் மார்ட்டின் பிராமிலி ஒரு விமானி. அவர் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லவில்லை. விமானத்தில் துணை விமானி கேப்டனை எப்படித் தடுத்துப் பேசக் கற்றுக்கொடுக்கப்படுகிறாரோ அது ஆஸ்பத்திரிக்கும் வேண்டும் என்று 2007-இல் ஒரு அமைப்பைத் தொடங்கினார்.

அப்படித் தடுத்துப் பேச ஒரு படிக்கட்டு இருக்கிறது, அமெரிக்காவில் மருத்துவக் குழுக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. தமிழில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: "டாக்டர், எனக்குக் கவலையா இருக்கு." கேட்கலையா? "இது எனக்குச் சரியாப் படலை." இன்னும் கேட்கலையா? "டாக்டர், இது பேஷண்ட் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், நிறுத்துங்க." மரியாதை குறையாமல் குரல் மட்டும் ஏறுகிறது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகுங்க, விளையாட்டுக்குச் சொல்லலை.

இனி என் பேட்டைக்கு வருகிறேன். இதெல்லாம் ஏஐ செய்துவிடாதா என்று கமெண்ட் வரும், தெரியும். ரெண்டு ஆராய்ச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க. எபிக் என்ற பெரிய மருத்துவ மென்பொருள் நிறுவனத்திடம், செப்சிஸ் எனும் தொற்று அதிர்ச்சி நிலையை முன்கூட்டியே சொல்லும் மாடல் ஒன்று இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் சுமார் 38 ஆயிரம் அட்மிஷன்களை வைத்துச் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்த 2,552 பேரில் 1,709 பேரை அது தவறவிட்டது. அதே நேரம் மொத்த அட்மிஷன்களில் 18 சதவீதத்துக்கு அலாரம் அடித்தது. அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல் மற்ற இடத்தில் அடித்துக்கொண்டே இருக்கும் அலாரத்தை ஆன்-காலில் நாங்கள் மியூட் பண்ணிவிடுவோம். வார்டிலும் மனுஷங்கதான்.

அடுத்தது கன்சர்ன் என்ற சிஸ்டம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சாரா ரொசெட்டி குழு உருவாக்கியது. இதன் ஐடியாவைப் படித்தபோது உண்மையிலேயே எழுந்து நின்றுவிட்டேன். அது பிபி எவ்வளவு, பல்ஸ் எவ்வளவு என்பதை முதன்மையாகப் பார்ப்பதில்லை. நர்ஸ் என்ன செய்கிறார் என்று பார்க்கிறது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டிய வைட்டல்ஸை ஒரு மணி நேரத்தில் மறுபடி எடுத்திருக்கிறாரா? ராத்திரியில் எடுத்திருக்கிறாரா? எண்ணோடு ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறாரா? ஒரு மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறாரா? இதெல்லாம் நர்ஸின் கவலை விட்டுச்சென்ற தடம். ‘என்னமோ சரியில்ல’ என்பதை லாக் ஃபைலிலிருந்து படிக்கிறார்கள்! அமெரிக்காவில் ரெண்டு மருத்துவ அமைப்புகளின் 74 வார்டுகளில், 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அட்மிஷன்களில் சோதித்து 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். இந்த சிஸ்டம் இருந்த வார்டுகளில் இறப்பு ரிஸ்க் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இருந்தது. எந்த மாடல் நர்ஸின் கவலையை டேட்டாவாக மதித்ததோ அது ஜெயித்திருக்கிறது என்பது என் வாசிப்பு. ரெண்டும் வேற வேற ஆராய்ச்சி, நேருக்கு நேர் போட்டி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கவலைப்பட நேரம் வேண்டும். பென்சில்வேனியாவின் 168 ஆஸ்பத்திரிகளை வைத்து லிண்டா ஏக்கென் குழு 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், ஆபரேஷன் செய்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. மேலே நம்ம நர்ஸ் மூச்சை ஒரு நிமிஷம் எண்ணினார், ரெண்டு நிமிஷம் தொட்டுப் பார்த்தார், மகனிடம் பேசினார். மொத்தம் ஐந்து நிமிஷம் வைத்துக்கொள்ளுங்க. முப்பது பேருக்கு ரெண்டரை மணி நேரம். மருந்து, ஊசி, டிரிப்ஸ், ரெக்கார்டு எல்லாம் அப்புறம். கிரிட்டிக்கல் திங்கிங் பற்றி லெக்சர் எடுக்கிற நிர்வாகங்கள் இந்தப் பெருக்கல் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

அதனால்தான் நம்ம ஊர் வார்டில் இருக்கிற ஒரு வளத்தைச் சொல்ல ஆசைப்படுகிறேன்: பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அட்டெண்டர். நோயாளியின் இயல்பு அவருக்குத்தான் தெரியும். இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் 2021-இல் செப்சிஸில் இறந்தார்; பெற்றோர் கவலையைச் சொல்லியும் கேட்கப்படவில்லை. அதன் பிறகு 2024 முதல் அங்கே மார்த்தா விதி என்று கொண்டுவந்தார்கள். நோயாளி மோசமாகிறார் என்று குடும்பத்தினர் நினைத்தால், வேறொரு அவசர மருத்துவக் குழு வந்து பார்க்கும்படி அவர்களே நேரடியாகக் கேட்கலாம். நீங்க அட்டெண்டரா உட்கார நேர்ந்தால் "சிஸ்டர், கொஞ்சம் வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லாதீங்க. "சாயந்திரம் சரியாப் பேசினார், இப்ப மாத்திப் பேசறார்", "ரெண்டு மணி நேரமா பேக்ல யூரின் ஏறலை" என்று, என்ன மாறியிருக்கிறதோ அதைச் சொல்லுங்க.

தங்கச்சிக்கு ஒரே ஒரு பதில் பாக்கி. சீனியர் சிஸ்டர் அடுத்த தடவை "என்னமோ சரியில்ல"ன்னு சொன்னா, அங்கேயே, அப்பவே, "எதைப் பார்த்து சொன்னீங்க சிஸ்டர்?"ன்னு கேளுங்க. முதல்ல "தெரியலம்மா"ன்னுதான் சொல்வாங்க. விடாதீங்க. "அவர் படுத்திருந்த விதமா, நிறமா, பேச்சா?"ன்னு கேளுங்க. மூணாவது கேள்வியில் பதில் வரும். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்க, பேஷண்ட் பெயர் இல்லாமல். ஒரு வருஷம் கழித்து அந்த நோட்டில் என்ன இருக்குன்னு எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, ஒரு எபிசோட் போட்டுடலாம்.